குற்றொலி: பனிக்கட்டி எழுப்பும், நம் காதுக்கு எட்டாத ஒலி

"மாமா, குற்றொலின்னா சின்னச் சத்தம்தானே?" ராயபுரத்தில் என் அக்கா மகன் அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் குற்றுன்னு வருது?" என்றான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு பொருள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்கிறோம். மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு மேலே போனால் மீயொலி. வௌவால் எழுப்புவதும், ஸ்கேன் கருவி அனுப்புவதும் அதுதான். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது இன்ஃப்ராசவுண்ட், அதாவது குற்றொலி. அது மெல்லிய சத்தம் அல்ல, மெதுவாக அதிரும் சத்தம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குவதையும் நெஞ்சுக்கூட்டில் ஏதோ இடிப்பதையும் நம் பகுதி ஆட்கள் எல்லோரும் அனுபவித்திருப்போம். மிகத் தாழ்ந்த அதிர்வைக் காதைவிட உடம்பு நன்றாக உணரும்.

இந்த வகை ஒலியை எழுப்புவதில் பனிக்கட்டிக்குத் தனி இடம் உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சுக்கு ஐஸ் ஏற்றும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். ஐஸ் பார் மீது தண்ணீர் பட்டதும் 'படக்' என்று விரிசல் விடும். மேல்பகுதி சூடாகி விரியப் பார்க்கிறது, உள்பகுதி இன்னும் கடுங்குளிரில் இறுகி இருக்கிறது, இரண்டும் இழுபட்டு வெடிக்கிறது. இது கேட்கும் சத்தம். அதே பாருக்குள் மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் ஓடும்போது மீயொலியும் பிறக்கிறது. அது நமக்குக் கேட்காது.

கட்டி பெரிதாகப் பெரிதாக அதிர்வு மெதுவாகும். சின்ன உடுக்கையும் பெரிய முரசும் ஒரே மாதிரி ஒலிக்குமா? அண்டார்க்டிகாவின் ராஸ் பனித்தட்டு கடலின் மேல் மிதக்கிறது. பரப்பில் கிட்டத்தட்ட பிரான்ஸ் நாட்டளவு. 2014 இறுதியில் ஆய்வாளர்கள் அதன் மேற்பனிக்குள் 34 நிலநடுக்கக் கருவிகளைப் புதைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதிவு செய்தார்கள். காற்று பனிமேடுகளின் மேல் வீசும்போது அந்தத் தட்டின் மேலடுக்கு ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருப்பது தெரிந்தது. அதிர்வெண் சுமார் 5 ஹெர்ட்ஸ். புயல் பனிமேடுகளைக் கலைத்துப்போட்டால் சுருதி மாறும். 2016 ஜனவரியில் வெப்பம் கூடி மேற்பனி உருகியபோது சுருதி இறங்கியது. ஆய்வு 2018-இல் வெளியானது. 'பனி பாடுகிறது' என்று செய்திகள் வந்தன. அந்தச் செய்திகளோடு நாம் கேட்கும் ஒலிப்பதிவு, காதுக்கு எட்டும்படி பல மடங்கு வேகப்படுத்தியது. அங்கே போய் நின்றால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். கறாராகச் சொன்னால் கருவிகள் அளந்தது பனிக்குள் ஓடிய அதிர்வை. நான் அதைப் பாட்டு என்று எழுத மாட்டேன், முனகல் என்பேன்.

இதைவிட என்னை அசைத்தது இன்னொன்று. அண்டார்க்டிகாவில் ஜெர்மனியின் நியூமேயர் நிலையத்தில் இருந்த நிலநடுக்கக் கருவிகள், எரிமலைக்கு அடியில் வருவது போன்ற நீண்ட அதிர்வுகளைப் பதிவு செய்தன. தேடிப் பார்த்தால் மூலம் ஒரு மாபெரும் பனிப்பாறை. கடலடித் தரையில் மோதிய அந்தப் பாறையின் வெடிப்புகளிலும் சுரங்கங்களிலும் தண்ணீர் நெருக்கிப் பாய்ந்து, அதையே ஒரு குழல்போல் அதிரவைத்தது என்று 2005-இல் விளக்கினார்கள். அடிப்படை அதிர்வு 0.5 ஹெர்ட்ஸ் அளவு. இரண்டு நொடிக்கு ஒரு முறை! அதன் மேல் வரிசையாக மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வின் மடங்குகளில் வருபவை) வேறு. 1997-இல் அமெரிக்கக் கடலடி ஒலிவாங்கிகளில் பதிவாகி, மர்ம விலங்கின் குரல் என்றெல்லாம் பேசப்பட்ட 'ப்ளூப்' ஒலியும் கடைசியில் பனி உடைந்த ஓசைதான் என்று முடிவானது.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் கீழே. கேட்கும் எல்லைக்குக் கீழே உள்ள ஒலி என்பது நேர்ப்பொருள். இதைச் சிலர் அகவொலி என்று எழுதுகிறார்கள். இன்ஃப்ராரெட் நமக்கு அகச்சிவப்பு ஆனதால், அதே அச்சில் வார்த்தது. எனக்கு இது ஒட்டவில்லை. 'அகம்' என்றால் உள்ளே, 'இன்ஃப்ரா' என்றால் கீழே. அதோடு, தமிழ்க் காதுக்கு அகவுவது மயில். அகவொலி என்றால் மயில்தான் நினைவுக்கு வரும்.

தாழொலி என்றும் சொல்லலாம். பொருள் நேராக இருக்கிறது, மீயொலிக்கு நல்ல இணையும்கூட, ஏனென்றால் 'மீ' என்றால் மேல். ஆனால் 'தாழ்ந்த குரலில் பேசினார்' என்றால் சத்தம் குறைத்துப் பேசினார் என்றுதான் புரிந்துகொள்கிறோம். அக்கா மகனின் குழப்பம் அப்படியே திரும்பி வரும்.

பள்ளிப் பாடநூலில் இருப்பது குற்றொலி. குறுமை + ஒலி. 'மை' கெட்டு, 'குறு' என்பதன் றகரம் இரட்டித்து, குற்றொலி. வெறுமை + இலை வெற்றிலை ஆனது இப்படித்தான். குற்றெழுத்து, குற்றுயிர் எல்லாம் இதே குடும்பம். குற்றம் என்பதோடு இதற்கு உறவில்லை. இங்கே குறுகியிருப்பது சத்தம் அல்ல, நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை.

எழுத்து இலக்கணத்தின் கண்ணோடு பார்த்தால் ஓர் இடறல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. குற்றெழுத்து என்பது ஒலிக்கும் நேரம் குறைந்தது. குற்றொலியிலோ ஒவ்வோர் அதிர்வுக்கும் நேரம் கூடுதல். அலையும் நீளம். காற்றில் 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 17 மீட்டர், 0.5 ஹெர்ட்ஸ் என்றால் 680 மீட்டர். அந்தக் கணக்கில் நெட்டொலி என்றல்லவா சொல்ல வேண்டும்? இருந்தாலும் குற்றொலியை மாற்றச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள். எதன் குறுமை என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும்.

புதுச் சொல் வேண்டிய இடம் வேறு. பெரும் பனி பிளந்து அதிர்வதை ஆங்கிலத்தில் 'ஐஸ்க்வேக்' என்கிறார்கள். நமக்கு நிலநடுக்கம் இருக்கிறது, பனிநடுக்கம் என்றே தாராளமாக எழுதலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 'பனித்தல்' என்ற சொல்லுக்கு நடுங்குதல் என்றும் பொருள். 'பனியரும்பிப் பைதல்கொள் மாலை' என்கிறது 1223-ஆம் குறள். அங்கே பனி என்பதற்கு நடுக்கம் என்றே பரிமேலழகர் உரை காண்கிறார். மார்கழிக் காலையில் கொஞ்சம் பனி இறங்கினாலே குல்லாய் தேடும் ஊர் நம்முடையது. பனிப்பாறையையே பார்த்திராத மொழியில், பனிக்கும் நடுக்கத்துக்கும் ஒரே சொல்.

இதைச் சொன்னதும் பையன் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் 'பனி = நடுக்கம்' என்று எழுதிக்கொண்டான். பிறகு கேட்டான்: "அப்ப காசிமேட்டு ஐஸ் பார் பக்கத்துல கருவி வெச்சா அதுவும் நடுங்குமா மாமா?"