கூட்ஸ் ஓடின பாதையை அரசு வாங்கிட்டா பயணிகள் ரயில் ஓடிடுமா?

அமெரிக்காவுல ரயில் பாதைல பெரும்பகுதி தனியார் கூட்ஸ் கம்பெனிங்களோட சொத்து. 1971ல ஆரம்பிச்ச ஆம்ட்ராக்தான் அங்க நாடு முழுக்க பயணிகள் ரயில் ஓட்டுது, ஆனா வடகிழக்கு பக்கத்தை விட்டா அது ஓடுறது பெரும்பாலும் அடுத்தவங்க தண்டவாளத்துல. கூட்ஸை விட பயணிகள் ரயிலுக்குத்தான் முன்னுரிமைன்னு 1973ல இருந்தே சட்டம் இருக்கு, ஆனா அதை மீறினாங்கன்னு கேஸ் கோர்ட் வரைக்கும் போனது ரொம்ப அபூர்வம். அதனாலதான் சில மாநில அரசுங்க பாதையையே விலைக்கு வாங்கிடுறாங்க.

மிச்சிகன் கதையை எடுத்துக்கலாம். சிகாகோ - டெட்ராய்ட் ரயில் போற வழியில கலமசூல இருந்து டியர்பார்ன் வரைக்கும் 135 மைல் பாதை நார்ஃபோக் சதர்ன் கம்பெனி கையில இருந்துச்சு, அவங்களுக்கு அதுல கூட்ஸ் குறைஞ்சுபோச்சு, குறைஞ்ச வேகமே போதும்னு ஆயிடுச்சு, அப்புறம் அவங்க எதுக்கு காசு கொட்டி பராமரிப்பாங்க? அங்க தண்டவாளத்தோட தரத்தை வகுப்பு வகுப்பா பிரிச்சிருக்காங்க: மூணாம் வகுப்புல கூட்ஸ் மணிக்கு 40 மைல், பயணிகள் ரயில் 60 மைல், நாலாம் வகுப்புல 60, 80, பயணிகள் ரயில் 110 மைல்ல போகணும்னா ஆறாம் வகுப்பு வேணும். ஒவ்வொரு படி ஏறும்போதும் பராமரிப்பு செலவு ஏறும், அந்த செலவால கூட்ஸ் கம்பெனிக்கு பைசா லாபம் கிடையாது. அவங்க மேல கோபப்பட்டு புண்ணியமில்ல, அவங்க கணக்கு அப்படி. கடைசியா 2012ல மாநில அரசு 14 கோடி டாலர் குடுத்து அந்த பாதையை வாங்கிடுச்சு.

ஆனா வாங்கினதோட கூட்ஸ் போயிடாது, நிறைய பேர் இங்கதான் தப்பா நினைக்கிறாங்க. அந்த பாதையை நம்பி தொழிற்சாலைங்க இருக்கு, நியாயமா சரக்கு அனுப்பணும்னு கேட்டா ரயில் கம்பெனி மறுக்க முடியாதுன்னு சட்டக் கடமை உண்டு. அப்போ பாதையை வாங்கின அரசு அந்த கடமையையும் சேர்த்து சுமக்கணுமா? 1991ல மெய்ன் மாநிலம் ஒரு பாதையை வாங்கின கேஸ்ல இதுக்கு வழி பிறந்துச்சு: நிலமும் தண்டவாளமும் அரசுக்கு, கூட்ஸ் ஓட்டுற நிரந்தர உரிமை மட்டும் பழைய கம்பெனிக்கே. நிலம் உங்க பேர்ல இருந்தும் அதுக்குள்ள போற வண்டிப்பாதை உரிமை பக்கத்து வயல்காரருக்கு பத்திரத்துல எழுதியிருக்குமே, அதே மாதிரி. இதுல அரசு ரயில் கம்பெனி ஆகாமலே சொந்தக்காரர் ஆகுது, ஆனா பயணிகள் ரயிலுக்கு இடைஞ்சல் பண்ற அளவுக்கு அதிகாரத்தை கூட்ஸ் பக்கம் விட்டுடாம ஒப்பந்தத்தை எழுதணும்.

அதுல என் பார்வையில முதல் இடம் டிஸ்பேட்சுக்குத்தான், அதாவது எந்த ரயில் இப்போ போகணும், எது லூப் லைன்ல (ஒதுங்கி நிக்குற பக்கத்து லைன்) நிக்கணும்னு சொல்ற பொறுப்பு. ஒத்தை லைன்ல எதிரெதிரா ரெண்டு ரயில் வந்தா ஒண்ணு ஒதுங்கியே ஆகணும், ஆனா கூட்ஸ் லூப்பை விட நீளமா இருந்தா அதால ஒதுங்கவே முடியாது, பயணிகள் ரயில்தான் முன்னாடி எங்கேயோ காத்து நிக்கும், சட்டத்துல முன்னுரிமை இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாது. மிச்சிகன்ல டிஸ்பேட்சையும் பராமரிப்பையும் ஆம்ட்ராக்கிட்ட குடுத்தாங்க, அது ரொம்ப சரியான முடிவு, ஏன்னா தாமதமானா அடி வாங்குறவங்க கையிலயே சாவி இருக்கு.

அடுத்தது வேகம், தண்டவாளத்தை மாத்தினா மட்டும் வராது. லெவல் கிராசிங்கை பாருங்க. ரயில் வர குறைஞ்சது 20 செகண்ட் முன்னாடி எச்சரிக்கை குடுக்கணும்னு அங்க விதி. 40 மைல் வேகத்துல வர ரயில் 20 செகண்ட்ல சுமார் 360 மீட்டர் ஓடும், 110 மைல்ல வந்தா கிட்டத்தட்ட 980 மீட்டர். அப்போ ரயில் வர்றதை கண்டுபிடிக்கிற சர்க்யூட்டை ரெண்டரை மடங்குக்கு மேல தூரம் நீட்டணும், அதுவும் ஒவ்வொரு கேட்டுலயும். மெதுவா வர கூட்ஸுக்கு அதே கேட் ரொம்ப நேரம் மூடியே கிடந்தா ஜனங்க பொறுமை இழந்து கேட்டை சுத்தி பூந்துடுவாங்க, அதனால வர ரயிலோட வேகத்தை அளந்து அதுக்கேத்த மாதிரி மூடுற கருவி வேணும். வளைவுலயும் இதே சிக்கல்தான், வேகமா போற ரயிலுக்காக வெளிப்பக்க தண்டவாளத்தை உசத்தினா மெதுவா போற கனமான கூட்ஸ் உள்பக்க தண்டவாளத்தை தேய்ச்சு எடுத்துடும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவை ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி முடிக்கணும்.

காசு யார் குடுக்கணும்? 750 மைலுக்கு குறைவான ரூட்டுக்கு மாநிலங்கள் செலவை ஏத்துக்கணும்னு 2008ல சட்டம் வந்து 2013 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்துச்சு. பாதைக்கும் காசு, ரயிலுக்கும் காசுன்னு ரெண்டையும் மாநிலம் குடுக்கும்போது எத்தனை ரயில், எத்தனை மணிக்குன்னு கேட்கிற உரிமையும் அதுக்கு வரணும், நான் இதுல உறுதியா இருக்கேன்.

வர்ஜீனியா இன்னும் ஒரு படி மேல போச்சு. 2019 டிசம்பர்ல சிஎஸ்எக்ஸ்ங்கிற கூட்ஸ் கம்பெனிகூட சேர்ந்து 370 கோடி டாலர் திட்டத்தை அறிவிச்சாங்க, இருக்கிற ரயில் நிலத்துல பாதி அகலத்தை வாங்கி தனி தண்டவாளம் போடுறதுதான் அதோட அடிப்படை, 2020ல இதுக்குன்னே தனி ஆணையமும் வச்சாங்க. வாஷிங்டனுக்குள்ள நுழையுற இடத்துல பொட்டோமக் ஆத்து மேல 1904ல திறந்த ரெண்டு லைன் பாலத்துலதான் கூட்ஸும் பயணிகள் ரயிலும் நெருக்கியடிச்சு போகுது. பக்கத்துலயே இன்னொரு ரெண்டு லைன் பாலம் கட்டுற வேலை 2024ல ஆரம்பிச்சுச்சு, 2030ல முடிக்கிறதா திட்டம். முடிஞ்சா பழைய பாலம் கூட்ஸுக்கு, புதுசு பயணிகளுக்கு.