வைனில் விழுந்த ஈயை எடுத்து எறிந்தால் மட்டும் போதாது

இந்த இலையுதிர் காலத்தில் எனக்கு மணக்கத் தந்த வீட்டு வைனில் இது ஐந்தாவது போத்தல். கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போன இடத்தில், தெரிந்த அங்கிள் ஒருவர் காருக்குள் இருந்து எடுத்து வந்து என் கையில் தந்தார். "பிள்ளை, நீர் வைன் கொம்பனியிலைதானே வேலை? இதை ஒருக்கா மணந்து பாரும்."

மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. முதலில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி, அதற்குப் பின்னால் வினாகிரி. மூன்று பெட்டி கலிபோர்னியா திராட்சை, ஒரு பெட்டி 36 இறாத்தல். இரண்டு நாள் மனைவியும் மகனும் சேர்ந்து காம்பு ஆய்ந்திருக்கிறார்கள். அவ்வளவும் போய்விட்டது. "ஈ வந்ததா அங்கிள்?" என்று கேட்டேன்.

"வந்ததுதான். சின்ன ஈ தானே பிள்ளை. நாலைஞ்சு உள்ளுக்குக் கிடந்தது, கரண்டியாலை எடுத்து எறிஞ்சிட்டன். வைனிலை அல்ககோல் இருக்கு, கிருமி எல்லாம் செத்துப்போயிருக்கும்."

நயாகராவில் ஒரு வைன் ஆலையின் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். இந்த ஒரு வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

அல்ககோல் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு அல்ககோல்? கை துடைக்கிற சானிடைசரில் 60 வீதத்துக்கு மேல் இருக்கும். நீங்கள் வீட்டில் போடுகிற வைனில் 12, மிஞ்சினால் 14 வீதம். வயிற்றுக்கோளாறு தருகிற பல கிருமிகளுக்கு வைனின் புளிப்பும் அந்த 12 வீதமும் சேர்ந்து கஷ்டம் கொடுக்கும்தான். ஆனால் இந்தச் சின்னப் பழ ஈ கொண்டுவருவது அந்தக் கிருமிகளை அல்ல. ஈயின் காலிலும் குடலிலும் இருப்பது அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாக் கூட்டம். அதற்கு அல்ககோல் நஞ்சு இல்லை, சாப்பாடு. அல்ககோலையும் காற்றில் உள்ள ஒட்சிசனையும் எடுத்து அசெட்டிக் அமிலமாக மாற்றுவதுதான் அதன் பிழைப்பு. வைனில் அல்ககோல் இருக்கிறது, அதனால் பயமில்லை என்று சொல்வது, குசினியில் சோறு இருக்கிறது, அதனால் எலி வராது என்று சொல்வது போல.

இதற்குப் பாஸ்டர் 1860களில் செய்த ஆராய்ச்சியைத் தேடிப் போகவே தேவையில்லை. நம் ஊரில் வினாகிரி எதிலிருந்து வருகிறது? தென்னங்கள்ளிலிருந்து. கள்ளில் அல்ககோல் இல்லையா? அது ஏன் கிருமியைக் கொல்லாமல் வினாகிரியாகப் புளித்தது? இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் விளங்குகிறது. ஆனால் திராட்சை வைன் என்று வந்தால் அந்த அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை.

கள்ளுக் கதை எடுத்தால் இன்னொரு பதில் உடனே வரும். "ஊரிலை முட்டிக்குள்ளை ஈயும் தேனீயும் மிதக்கும், பன்னாடையாலை வடிச்சுக் குடிச்சம், ஒண்டும் ஆகேல்லை." உண்மை. அந்தக் கள்ளு காலையில் இறக்கி அன்றைக்கே குடித்து முடிகிற சாமான். அசெட்டோபாக்டர் பெருக அதற்கு நேரம் கொடுக்கவே இல்லை. நீங்கள் வைனை எத்தனை மாதம் வைக்கப் போகிறீர்கள்? செப்டெம்பரில் போட்டு நத்தாருக்கு எடுக்கிறீர்கள், சிலர் அடுத்த வருடம் வரை வைக்கிறீர்கள். ஒரு நாளைக்கு உரிய நியாயத்தை ஒரு வருடத்துக்குப் பொருத்த முடியாது.

ஒரு லீற்றரில் அசெட்டிக் அமிலம் 0.7 கிராமைத் தாண்டத் தொடங்கினாலே பலருடைய மூக்குக் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்க வீட்டில் ஒரு வழியும் கிடையாது. சீனி போட்டாலும் போகாது. சூடாக்கினால் முதலில் ஆவியாகப் போவது அல்ககோல்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. என் தொழிலில் இருக்கிறவர்களுக்குக்கூட 2018இல்தான் இது சரியாகத் தெரியவந்தது. ஸ்வீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் பழ ஈயின் மணத்தை ஆராய்ந்தார்கள். பெண் ஈ ஆணைக் கவர ஒரு வாசனைப் பொருளை வெளிவிடுகிறது. ஒரு கிளாஸ் வைனில் அது ஒரு நானோகிராம் கலந்தாலே, சுவைத்துப் பழகியவர்கள் கெட்ட மணமென்று சொல்லிவிட்டார்கள். ஒரேயொரு பெண் ஈ கிளாஸில் விழுந்தால் போதும். ஈயை எடுத்து எறியலாம், அது விட்டுப்போன மணத்தை எடுத்து எறிய முடியாது.

சரி, ஈ எங்கிருந்து வருகிறது? ஜன்னலெல்லாம் பூட்டித்தான் இருந்தது என்பார்கள். நீங்கள்தான் பெட்டியோடு உள்ளே கொண்டுவருகிறீர்கள். வெடித்த பழத்தில் ஏற்கனவே முட்டை இருக்கும். 25 பாகை வெப்பத்தில் முட்டை ஈயாகப் பறக்கப் பத்து நாள் போதும், ஒரு பெண் ஈ தன் ஆயுளில் நூற்றுக்கணக்கில் இடும். 2010இல் ஒன்ராறியோவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட புள்ளிச் சிறகு ஈ இன்னும் மோசம். அதன் பின்பக்கத்தில் வாள்போலப் பல்வைத்த உறுப்பு ஒன்று இருக்கிறது. வெடிக்காத நல்ல பழத்தையே கிழித்து உள்ளே முட்டை வைக்கும். நயாகராப் பழத் தோட்டக்காரர்களுக்கு இது பெரிய தலையிடி. ஆகவே பெட்டி வந்த அன்றே பழத்தை ஆய்ந்து, அழுகியது, வெடித்தது, புளித்த மணம் வருவது எல்லாவற்றையும் தயங்காமல் எறியுங்கள். காசு கொடுத்து வாங்கியது என்று பார்க்காதீர்கள். இரண்டு நாள் கராஜில் வைத்துவிட்டுப் பிறகு ஆய்வோம் என்று விடவே விடாதீர்கள்.

வாளியில் பழம் நொதித்து நுரைக்கிற முதல் ஒரு கிழமை ஓரளவு பாதுகாப்பான காலம். மேலே எழும் கரியமில வாயு ஒரு போர்வைபோலக் கிடக்கும். ஆனால் மேலே மிதக்கிற தோல் காய்ந்தால் ஈக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம், முடிந்தால் மூன்று தரம் அதைக் கீழே அமிழ்த்துங்கள். வாளியின் வாயை நெருக்கமாக நெய்த துணியால் கட்டுங்கள். பழைய சாரம் நல்லது, தலையணை உறையும் நல்லது. சீஸ் வடிக்கிற வலைத்துணி வேண்டாம், இந்த ஈ இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான், அதற்குள்ளால் நுழைந்துவிடும். துணியைச் சும்மா போர்த்துவிட்டுப் போகாமல் எலாஸ்டிக் போட்டு இறுக்குங்கள். வைன் பட்டு ஈரமானால் மாற்றுங்கள், ஈரத் துணியின் மேலேயே ஈ முட்டையிடும்.

நுரை அடங்கியதும் கார்பாய்க்கு, அதாவது குறுகிய கழுத்துள்ள பெரிய போத்தலுக்கு, மாற்றிவிடுங்கள். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். 23 லீற்றர் கார்பாயில் 19 லீற்றர் வைனை விட்டு, மேலே காலியாக வைப்பது. அந்த இடம் காற்று, அந்தக் காற்றுத்தான் அசெட்டோபாக்டருக்குத் தேவை. கழுத்துவரை நிரப்புங்கள், அடைப்பானுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி போதும். வைன் போதாவிட்டால் அதேமாதிரி நல்ல வைன் ஒரு போத்தல் வாங்கி ஊற்றுங்கள், அல்லது சின்னக் கார்பாய்க்கு மாற்றுங்கள்.

அடைப்பானில் செருகி உள்வாயுவை வெளியே விடுகிற ஏர்லாக்கைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குள் தண்ணீர் விட்டால் ஈ வந்து விழுந்து சாகும். ஒக்ரோபரில் பேஸ்மென்ட் குளிரும்போது கார்பாய்க்குள் இருக்கிற வாயு சுருங்கி, ஈ ஊறின அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மாசியில் ஹீட்டர் ஓடி ஓடி அந்தத் தண்ணீரே வற்றிவிடும், யாரும் போய்ப் பார்ப்பதில்லை. தண்ணீருக்குப் பதிலாக வொட்கா விடுங்கள், அல்லது மெட்டாபைசல்பைட் என்ற, கிருமியை அடக்குகிற தூளின் கரைசல். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தரம் எட்டிப் பாருங்கள். நொதிப்பு முழுதாக முடிந்து வைனை அடிமண்டியில் இருந்து பிரிக்கும்போது 23 லீற்றருக்குக் கால் தேக்கரண்டி பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போடுவது வழக்கம். ஆஸ்துமா இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அந்தத் தூளைத் திறந்த முகத்தோடு கிண்ட வேண்டாம், குடிக்கிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

ஈயைப் பிடிக்கப் பொறி வைப்பது நல்லது. ஒரு கோப்பையில் ஆப்பிள் வினாகிரி, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் ஒரு துளி. சவர்க்காரம் இல்லாவிட்டால் மேலே நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும். ஆனால் அதைக் கார்பாய்க்குப் பக்கத்தில் வைக்கிறார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. விருந்து வைத்து வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி. கதவடியில், குப்பை வாளிக்குப் பக்கத்தில் வையுங்கள். பொறி பறக்கிற ஈயை மட்டுந்தான் பிடிக்கும். பிழிந்த சக்கை, கழுவாத வைன் போத்தல், நாற்றம் பிடித்த மொப், பேஸ்மென்ட் தரையில் உள்ள வடிகால் எல்லாம் ஈ பெருகுகிற இடங்கள். சக்கையை அன்றிரவே கட்டி வெளியே வையுங்கள்.

பூச்சிமருந்து அடிக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம், திறந்த வாளி அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அங்கிளுடைய வைன் உடம்புக்கு நஞ்சு ஒன்றும் இல்லை, ஆனால் அதை வைனாகக் குடிக்க முடியாது. கறிக்கு ஊற்ற ஒரு போத்தல் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றச் சொன்னேன். அதைத் தொட்ட சைபன் குழாயையும் பிளாஸ்ரிக் வாளியையும் எறியச் சொன்னேன். கீறல் விழுந்த பிளாஸ்ரிக்கில் கிருமி இருந்துகொள்ளும், அடுத்த வருடப் பழத்திலும் தொற்றும். அவர் வாளிக்குத்தான் கூடக் கவலைப்பட்டார். பேஸ்மென்டில் இன்னும் இரண்டு கார்பாய் இருக்கிறதாம், அதே குழாயால்தான் நிரப்பியிருக்கிறார். இந்த ஞாயிறு வொட்காவும் புது அடைப்பானும் கொண்டு போகிறேன்.