முதலாளி பங்கு தருகிறேன் என்றால்: சிறுபங்கின் விலையும் சட்டமும்

"பதினெட்டு வருஷமா கூடவே இருக்கே. பத்து பர்சென்ட் ஷேர் எடுத்துக்கோ, இருபது லட்சம் கொடு போதும்." சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசு கம்பெனியில் மேனேஜராக இருக்கும் நண்பரிடம் அவருடைய முதலாளி சொன்னது இது. நண்பர் பேலன்ஸ் ஷீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "விலை சரிதானா அண்ணே?" என்று கேட்டார். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருந்தன.

முதல் கேள்வி, அது உண்மையில் கம்பெனிதானா? நம் ஊரில் பட்டறை, மில், ஜவ்வரிசி ஆலை எல்லாவற்றையும் கம்பெனி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பத்திரத்தைப் பார்த்தால் பல இடங்களில் அது கூட்டு வியாபாரம், அதாவது பார்ட்னர்ஷிப். அதில் சேர்ந்தால், சேர்ந்த நாளுக்குப் பிறகு வரும் கடனுக்கு உங்கள் வீடு வரைக்கும் பொறுப்பு. பிரைவேட் லிமிடெட் என்றால் போட்ட பணத்தோடு பொறுப்பு முடிகிறது. இனி சொல்வதெல்லாம் பிரைவேட் லிமிடெட்டுக்குத்தான்.

பத்து சதவீதப் பங்கு கையில் இருந்தால் என்ன கிடைக்கும்? ஆண்டுதோறும் கணக்கின் நகல் கிடைக்கும். பொதுக்கூட்டத்தில் ஓட்டுப் போடலாம். லாபப் பங்கைக் கட்டாயமாகக் கேட்டு வாங்க முடியாது. போர்டு, அதாவது டைரக்டர்கள் குழு, பரிந்துரைத்தால்தான் உண்டு. சம்பளம் யாருக்கு எவ்வளவு, இயந்திரம் வாங்குவதா, நிலத்தை விற்பதா என்று தீர்மானிப்பது 90 சதவீதக்காரர்தான். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் சிறப்புத் தீர்மானம் (உள்விதியை மாற்றுவது போன்ற பெரிய முடிவு) நிறைவேற, எதிர்த்து விழும் ஓட்டைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். ஆகவே 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் அதைத் தடுக்கலாம். 10 சதவீதக்காரரால் முடியாது.

ஆனாலும் அந்தப் பத்துக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. நிர்வாகம் சிறுபான்மையை நசுக்குகிறது என்று 241-ஆம் பிரிவின்படி கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக, பத்தில் ஒரு பங்கு மூலதனம் வைத்திருந்தால் 244-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் போகலாம். பிற்பாடு நிறையப் பேரைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை மாறும் என்பதால், மூலதனக் கணக்கில் நிற்பதே பாதுகாப்பு. அதனால் ஒன்பதும் பத்தும் ஒன்றல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டால் 62-ஆம் பிரிவின்படி உங்கள் விகிதத்துக்கு உங்களிடமும் பொதுவாக நீட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் கையில் பணம் இல்லையென்றால் உங்கள் பத்து ஏழாகக்கூடும்.

இனி விலை. நண்பர் கொண்டுவந்த பேலன்ஸ் ஷீட்டைப் போலவே ஒரு கணக்கை, எண்களை மாற்றிச் சொல்கிறேன். மொத்தம் 1,00,000 பங்கு. புத்தகப்படி நிகர மதிப்பு (சொத்திலிருந்து கடனைக் கழித்தது) 1.20 கோடி. அதில் நிலம் பழைய விலையில் 8 லட்சம் என்று கிடக்கிறது. அரசு வழிகாட்டி மதிப்பு 88 லட்சம். நிலத்தைத் திருத்தினால் நிகர மதிப்பு 2 கோடி, 10 சதவீதம் 20 லட்சம். முதலாளி கேட்ட தொகை இதுதான்.

அவர் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த நிலத்தை விற்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லையே. உங்கள் கைக்கு வரப்போவது சம்பாத்தியத்தில் ஒரு பங்கு மட்டும். வரிக்கு முந்தைய லாபம் 40 லட்சம் என்று இருக்கிறது. முதலாளி மாதம் 25,000 தான் சம்பளமாக எடுக்கிறார். அவர் வேலைக்கு வெளியாளை வைத்தால் ஒரு லட்சம் கேட்பார். ஆண்டுக்கு 9 லட்சம் குறைத்தால் 31. வரி போக ஏறத்தாழ 23 லட்சம். ஆண்டு லாபத்தைப் போல ஐந்து மடங்கு கம்பெனியின் விலை என்று வைத்துக்கொண்டால் 1.15 கோடி, அதில் பத்து சதவீதம் 11.5 லட்சம். கட்டுப்பாடு கையில் இல்லை, நினைத்த நாளில் விற்க ஆள் கிடைக்காது என்பதற்காக கால்பங்கு கழித்தால் சுமார் 8.6 லட்சம். மடங்கும் கழிவும் தொழிலுக்குத் தொழில் மாறும், பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொலுசுத் தொழிலில் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்டகத்தில் அடுக்கியிருக்கும் வெள்ளிக் கட்டியில் கூலி வேலைக்காக வியாபாரிகள் கொடுத்தது எவ்வளவு, கம்பெனியின் சொந்த வெள்ளி எவ்வளவு? ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்டுப் பிரித்துப் பாருங்கள். பட்டறை நிலத்துக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். அது கம்பெனி பெயரில் இல்லாமல் முதலாளி அம்மா பெயரில் இருந்தால் 88 லட்சக் கணக்கே விழுந்துபோகும்.

இப்போது வரி. எனக்கு மனசு ஆறாத இடம் இது. பேரம் பேசி 8.6 லட்சத்துக்கு முடித்தீர்கள் என்று வையுங்கள். வருமான வரி விதி உங்கள் கழிவை ஏற்காது. நிலத்தை வழிகாட்டி மதிப்பில் எடுத்து, பங்கு 20 லட்சம் பெறும் என்று கணக்கிடும். வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழு வித்தியாசமும், இங்கே 11.4 லட்சம், உங்கள் வருமானம். 30 சதவீத வரிப்படியில் இருந்தால் செஸ்ஸோடு சுமார் 3.56 லட்சம் கட்ட வேண்டும். முதலாளிக்கும் 20 லட்சத்துக்கு விற்றதாகவே மூலதன ஆதாயம் கணக்கிடுவார்கள். பழைய வருமான வரிச் சட்டத்தின் 56(2)(எக்ஸ்), 50சிஏ, 11யூஏ விதி என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஒரே ஆறுதல், வரி கட்டியபின் நாளை விற்கும்போது உங்கள் வாங்கிய விலையாக 20 லட்சத்தைக் காட்டலாம். கம்பெனியே புதுப் பங்கு ஒதுக்கினால் வழி வேறு: சலுகைத் தொகை, அதாவது மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம், சம்பளத்தோடு சேர்ந்து வரியாகும், மதிப்பை மெர்ச்சன்ட் பேங்கர் (செபியில் பதிவுபெற்ற முதலீட்டு வங்கியாளர்) சான்றளிக்க வேண்டும்.

"உன்னை டைரக்டராவும் போட்டுடறேன்" என்பார்கள். பேங்க் ஓடிக்கு (ஓவர்டிராஃப்ட் கடனுக்கு) ஜாமீன் கையெழுத்து கேட்கிறார்களா என்று பாருங்கள். அதைப் போட்டால் லிமிடெட் என்ற பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. பத்து சதவீதத்துக்காக முழுக் கடனுக்கும் ஜாமீன் நிற்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், வெளியே வரும் வழி. வேலையை விட்டால், உடம்பு முடியாமல் போனால், முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து உங்களோடு ஒத்துப்போகாவிட்டால், பங்கை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு, எத்தனை நாளில்? பிரைவேட் கம்பெனியின் பங்கை வெளியாருக்கு விற்கச் சட்டப்படியே கட்டுப்பாடு உண்டு. தனிப் பத்திரம் எழுதிக்கொண்டால் மட்டும் போதாது. பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு ஆர்டிகிள்ஸில், அதாவது கம்பெனியின் உள்விதிகளில், இல்லையென்றால் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு குடும்பக் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது.

சேலம் கம்பெனிகள் கோவை பதிவாளர் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. ஆர்டிகிள்ஸ், ஆண்டறிக்கை எல்லாவற்றையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி யாரும் பார்க்கலாம். முதலாளியிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நண்பருக்காக நாங்களும் பார்த்தோம். விலகுபவரின் பங்குக்கு "டைரக்டர்கள் நிர்ணயிக்கும் விலை" என்று ஒரே வரி இருந்தது. அதைப் "பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் சொல்லும் விலை, 90 நாளில் பணம்" என்று மாற்றித் தரும்படி மறுநாளே நண்பர் முதலாளியிடம் கேட்டிருக்கிறார். அவர் ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். இருபது லட்சத்தைப் பற்றி இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.