தலைகீழாகப் பிடித்தால் வேறு தேதி

திருப்பூரில் நிட்டிங் யூனிட்டில் ஸ்ட்ரைப், அதாவது துணியில் வண்ணக் கோடு போடுவதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. இப்போதெல்லாம், "கோட்டுக்குள்ள ஒரு தேதி இருக்கோணுங்க, பாக்கறவிங்களுக்குத் தெரியக்கூடாதுங்க" என்று கேட்டு வருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் நிறத்தை மட்டும் யோசித்துவிட்டு இதில் இறங்காதீர்கள்.

போன வருடம் ஒரு தம்பி, அப்பா அம்மாவின் கல்யாண நாளைக் கொண்டுவந்தார்: 12-02-2001. எங்களுடையது 90 ஃபீடர் மெஷின், அதாவது நூல் உள்ளே போகும் வழி 90. ஒரு சுற்றுக்கு 90 கோர்ஸ் (பின்னல் வரி) விழும், அடுத்த சுற்றில் அதே வரிசை திரும்ப வரும். தேதி முழுக்க அதற்குள் அடங்க வேண்டும். மீறினால், நூலின் நிறத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஸ்ட்ரைப்பர் மெஷின்தான். நாலு டீ-ஷர்ட்டுக்கு அது கட்டாது.

அங்குலத்துக்குச் சுமார் 40 கோர்ஸ் வரும் துணி. ஒற்றைக் கோர்ஸை வெறும் கண்ணால் எண்ண முடியாது. 4 கோர்ஸை ஓர் அளவாக வைத்தேன், இரண்டரை மில்லிமீட்டர். தேதியில் வரும் ஒன்றுக்கு ஓர் அளவு நீலம், இரண்டுக்கு இரண்டு. நடுவில் ஓர் அளவு வெள்ளை. பூஜ்ஜியத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கோடு போடாமல் விட்டால் இரண்டு இடைவெளியும் ஒட்டி ஒரே வெள்ளையாகிவிடும். அதற்கு ஓர் அளவு மஞ்சள் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து 72 கோர்ஸ், மீதி 18 வெள்ளை. கச்சிதம்.

சாம்பிள் வந்தது. மேசையில் விரித்து எண்ணினேன். 10-02-2021.

கை நடுங்கிவிட்டது. நூல் கோன் மாற்றி ஏற்றிவிட்டோமோ என்று 90 ஃபீடரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. துணியைத்தான் தலைகீழாக விரித்திருக்கிறேன்! பெரும்பாலான தேதிகளைத் திருப்பினால் பொருந்தாத நாளோ மாதமோ வருடமோ வரும், உடனே பிடிபடும். இதுவோ சுத்தமான இன்னொரு தேதி. கட்டிங் மேசையில் துணி திரும்பிப் போவது சாதாரணம். அப்படி வெட்டித் தைத்திருந்தால், அந்த அம்மா வேறு யாருடைய நாளையோ உடுத்தியிருப்பார்.

மீதியிருந்த 18 கோர்ஸில், தேதி தொடங்கும் பக்கம் 4 வெள்ளை விட்டு, 2 கோர்ஸில் மெல்லிய நீலக்கோடு ஒன்று போட்டேன். எந்த எண்ணுக்கும் வராத தடிமன். தலை எது, கால் எது என்று அது சொல்லிவிடும்.

நிறத்தில் ஒன்றே ஒன்று: சிவப்பும் பச்சையும் சிலர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். நூலைக் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்துப் பாருங்கள். அதிலும் பிரிந்து தெரிந்தால் சாயத்துக்குக் கொடுங்கள். அடர்நீலம் வெள்ளையில் இறங்குகிறதா என்று துவைத்தும் பார்த்துவிடுங்கள்.

பிறந்த தேதி வைத்தவர்கள், போட்டோவோடு படிக்கும் முறையையும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வங்கியில் ஆளை உறுதிசெய்யக் கேட்பதும் அதே தேதியைத்தான். அதற்காக எங்கும் எழுதாமல் விட்டாலும் பத்து வருடத்தில் அது வெறும் கோடாகிவிடும். நான் பக்கத் தையலுக்குள், வாஷ் கேர் லேபிளுக்குப் பின்னால் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைக்கிறேன். தேதி அதில் இருக்காது. "மெல்லிய கோட்டிலிருந்து கீழே எண்ணவும். மஞ்சள் என்றால் பூஜ்ஜியம்." அவ்வளவுதான்.