உலோகாயதம் என்னும் சொல்

உயிர், மறுபிறப்பு, வினைப்பயன், மேலுலகம் ஆகியவற்றை மறுத்து, புலன்களுக்கு எட்டும் இவ்வுலகமே உண்மை என்று கொண்ட பழைய இந்தியக் கொள்கைக்கு உலோகாயதம் என்று பெயர். வடமொழியில் இது லோகாயதம். லகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது என்பதால் உகரம் முன்னே சேர்ந்தது. உலகாயதம் என்று எழுதுவோரும் உண்டு, அதுவும் ஏற்புடையதே. ‘உலோகாயுதம்’ என்று எழுதுவது மட்டும் பிழை, ஏனெனில் உலோகத்துக்கும் ஆயுதத்துக்கும் இங்கே வேலையில்லை.

லோகம் என்பது உலகம். ஆயதம் என்பது பரந்தது, விரிந்தது. ‘உலகத்தாரிடம் பரந்து கிடப்பது’ என்று நேராகப் பொருள் கொள்ளலாம். இதே பிரிப்பை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பார் ‘ஆய்ந்தறியாத பாமரரின் கொள்கை’ என்று இகழ்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தேவிபிரசாத் சட்டோபாத்யாயர் ‘உழைக்கும் மக்களின் மெய்யியல்’ என்று போற்றினார். பிரிப்பு ஒன்றாக இருந்தும் வசையும் வாழ்த்தும் அதிலிருந்தே வந்ததால், சொல்லின் வேரை மட்டும் வைத்து அதன் பொருளை முடிவுசெய்ய இயலாது என்பது தெளிவாகிறது. வழக்கைத்தான் பார்க்க வேண்டும்.

மிகப் பழைய வழக்குகளில் வசையும் இல்லை, வாழ்த்தும் இல்லை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், அரசன் கற்க வேண்டிய கல்விகளில் ஆன்வீட்சிகி என்னும் ஆராய்ச்சிக் கல்வியைக் குறிப்பிட்டு, சாங்கியம், யோகம், உலோகாயதம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும் என்கிறது. பாலி மொழியின் பௌத்தத் தொகுப்பான தீக நிகாயம், கற்றறிந்த பார்ப்பனர்களைப் பாராட்டும்போது வேதம், இலக்கணம் ஆகியவற்றோடு உலோகாயதத்திலும் தேர்ந்தவர்கள் என்று அடுக்குகிறது. வேதம் ஓதியவரின் தகுதிப் பட்டியலில் வேத மறுப்பு இடம்பெறுமா? ஐந்தாம் நூற்றாண்டு உரையாசிரியரான புத்தகோசர் இதை விதண்டவாத நூல் என்று விளக்குகிறார். ஆகவே இச்சொல் முதலில் சொற்போர்க் கலையைக் குறித்து, பின்னரே அக்கலையைக் கூர்மையாகக் கையாண்ட ஒரு தரப்பின் பெயராக ஒடுங்கியது என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

கொள்கையோ பெயருக்கு முந்தியது. தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் என்னும் பகுதியில், மகத மன்னன் அசாதசத்துரு தான் முன்பு சந்தித்த ஆசிரியர்களின் கருத்துகளைப் புத்தரிடம் எடுத்துரைக்கிறான். அவர்களில் ஒருவர் அசித கேசகம்பலர், மயிராலான போர்வையை உடுத்தியவர் என்பதால் பெற்ற பெயர். மனிதன் நான்கு பூதங்களால் ஆனவன், இறந்தபின் நிலத்தின் கூறு நிலத்தோடும் நீரின் கூறு நீரோடும் சேர்ந்துவிடும், அறிவாளியும் மூடனும் ஒருசேர அழிவர், தானத்துக்குப் பயன் இல்லை என்பது அவர் துணிபு. அதே நிகாயத்தில் வரும் பாயாசி என்னும் தலைவன் இன்னும் ஒருபடி மேலே போய், தண்டனை பெற்ற ஒருவனைச் சாடிக்குள் அடைத்துக் கொன்று, உயிர் வெளியேறுகிறதா என்று வாயைத் திறந்து பார்த்ததாகச் சொல்கிறான். கொடிய சோதனை என்றாலும், கேள்வியைக் கண்ணால் தீர்க்க முனைந்த மனப்போக்கை அதில் காணலாம்.

இக்கொள்கைக்குத் தமிழ் தந்த பெயர் பூதவாதம். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் துறவி வடிவு கொண்ட மணிமேகலை சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்டு வந்து, கடைசியில் பூதவாதியிடம் நிற்கிறாள். தாதகிப் பூவையும் கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் ‘மதுக்களி பிறந்தாங்கு’, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறான் அவன். தாதகிப் பூ இன்றும் ஆயுர்வேத அரிட்டங்களைப் புளிக்கவைக்கச் சேர்க்கப்படுவது. பூவிலும் இல்லாத, வெல்லத்திலும் இல்லாத போதை கூட்டில் பிறக்கிறது. அதுபோல நிலத்திலும் நீரிலும் இல்லாத அறிவு உடலில் பிறக்கிறது. வடமொழி நூல்களிலும் இதே உவமை உண்டு. சங்கரர் பெயரால் வழங்கும் தொகுப்பு நூலொன்றில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்தால் எழும் செந்நிறம் உவமையாகிறது.

பூதவாதி மேலும், ‘கண்கூடு அல்லது கருத்தளவு அழியும்’ என்கிறான்; அதாவது நேரில் அறிவதே நிற்கும், ஊகித்தறிவது நிற்காது. பிரத்தியட்சத்துக்குக் கண்கூடு என்றும் அனுமானத்துக்குக் கருத்தளவு என்றும் எத்தனை நேரான தமிழ்! அக்காதையிலேயே, மாற்றுரைகள் இருப்பினும் உண்மைப் பொருள் உலோகாயதன் உணர்வே என்ற குறிப்பும் வருவதால், இரு பெயர்களும் ஒரே கொள்கைக்கு உரியவையாகக் கருதப்பட்டமை தெரிகிறது. மணிமேகலையின் எதிர்க்கேள்வி எளியது: கருத்தளவு இல்லையென்றால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய்? இதற்கு அவன் விடை சொல்வதாகக் காப்பியம் காட்டவில்லை. ஆனால் உலோகாயதரிடம் விடை இருந்தது. எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தரான கமலசீலர், புரந்தரர் என்னும் சார்வாகரின் (உலோகாயதருக்கு மற்றொரு பெயர் சார்வாகர்) கருத்தைக் குறித்து வைத்திருக்கிறார்: உலக வழக்கில் செல்லும் அனுமானத்தைச் சார்வாகரும் ஏற்பர், உலக வழியைத் தாண்டிச் செல்லும் அனுமானத்தையே மறுப்பர். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம், சுவர்க்கத்தை ஊகிக்க முடியாது. எதிர்த்தரப்பின் ஏட்டில் மட்டுமே வாழும் கொள்கைக்கு இப்படித்தான் நேர்கிறது; கேள்வி ஓரிடத்திலும் விடை வேறோரிடத்திலும் கிடக்கின்றன.

‘கடன் வாங்கியேனும் நெய்யுண்’ என்ற புகழ்பெற்ற வரியும் அவ்வாறு வந்ததே. பல கொள்கைகளைத் தொகுத்துரைக்கும், பதினான்காம் நூற்றாண்டு மாதவரின் சர்வதரிசன சங்கிரகத்தின் முதல் இயல், ‘வாழும்வரை இன்பமாக வாழ்க, சாவுக்கு எட்டாதது எதுவும் இல்லை’ என்ற வடிவத்தோடு தொடங்கி, நெய் உண்ணும் வடிவத்தோடு முடிகிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் காசுமீரத்தின் சயந்த பட்டர் காட்டுவது சாவைப் பற்றிய வடிவமே. நெய் பின்னால் ஊற்றப்பட்டது என்று கருத இடமிருக்கிறது.

தமிழிலும் சொல் விரைவில் வசையாகிவிட்டது. திருவாசகத்தின் போற்றித் திருவகவல் ‘உலோகாயதன் எனும் ஒண்திறல் பாம்பின்’ கடுவிடத்தைச் சொல்கிறது. நீலகேசி தன் கடைசிச் சருக்கத்தைப் பூதவாத மறுப்புக்கு ஒதுக்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சைவ நூலான சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கம் என்னும் பகுதி மறுக்க எடுத்துக்கொள்ளும் முதல் தரப்பும் உலோகாயதமே.

இனி, ஈடான சொல் எது? நாத்திகம் ஈடாகாது. அது ‘நாஸ்தி’, அதாவது ‘இல்லை’ என்பதிலிருந்து வந்தது. எதை இல்லை என்கிறார் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. மனுநூலுக்கு வேதத்தை இகழ்பவன் நாத்திகன். அந்த அளவுகோலில் மறுபிறப்பை நம்பும் சமணரும் பௌத்தரும் நாத்திகர், உலகைப் படைத்த கடவுளை ஏற்காவிட்டாலும் வேதத்தை ஏற்கும் மீமாஞ்சகர் ஆத்திகர். இன்றைய தமிழில் அது கடவுள் மறுப்பை மட்டுமே குறிக்கிறது. சார்வாகம் என்பது ஆட்பெயரின் வழி வந்ததாகக் கொள்ளப்படுவதால் மொழிபெயர்க்கும் தேவை இல்லை. பொருள்முதல்வாதம் இருபதாம் நூற்றாண்டில் மார்க்சிய எழுத்துகள் வழியே, கருத்துமுதல்வாதத்துக்கு எதிர்ச்சொல்லாக நிலைபெற்றது. இங்கே பொருள் என்பது சடப்பொருள், முதல் என்பது மூலம். பணத்தாசை என்று புரிந்துகொள்வது தவறு. கிரேக்கம் முதல் ஐரோப்பா வரை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக அது தக்கது. உலோகாயதத்தை அப்பொதுவின் ஒரு வகைக்குச் சிறப்புப்பெயராக வைத்துக்கொண்டு, கொள்கையின் உள்ளடக்கத்தைச் சொல்லும்போது பூதவாதம் என்று எழுதுவதே சரி. பேச்சு வழக்கில் பூதம் பேயாகிவிட்டது ஓர் இடைஞ்சல்தான். இன்னொன்று, தமிழர் பழக்கத்தால் ஐம்பூதம் என்று கொள்ளக்கூடாது. வானம் கண்கூடாகாது என்று அதை விலக்கி நான்கையே ஏற்பது இக்கொள்கையின் பொதுவழக்கு.

ஐயவாதத்தை இதனோடு கலக்கவும் கூடாது. மறுமை உண்டா என்று கேட்டால் ‘உண்டு என்றும் சொல்லேன், இல்லை என்றும் சொல்லேன்’ என்ற, புத்தர் காலத்து ஆசிரியரான சஞ்சயரின் நிலையைப் பாலி நூல்கள் அமராவிக்கேபம், அதாவது விலாங்கு நெளிவு என்றன. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு நமக்கும் தெரிந்ததே. ஆனால் எல்லா ஐயமும் நழுவல் அன்று. 1926இல் குசராத்தின் பாட்டணத்தில் ஓலைச்சுவடியாகக் கிடைத்து 1940இல் அச்சேறிய சயராசி பட்டரின் நூல், அனுமானத்தை மட்டுமன்றிக் கண்கூட்டையும் ஓர் அளவையாக, அதாவது அறிவுக்குரிய சான்றாக, நிலைநிறுத்த முடியாது என்று வாதிக்கிறது. கண்கூடு போனால் பூதங்களும் போயின. உலோகாயதத்தின் முதல் ஆசிரியராகச் சொல்லப்படும் பிருகற்பதியைத் தம் முன்னோராக மதிக்கும் அவரையும் பூதவாதி என்று எழுத இயலாது, ஐயவாதி என்றே எழுத வேண்டும்.