உசாத்துணை: ரெஃபரன்சுக்குத் தமிழில் ஒரு தோழி

நான் வேலை பார்க்கும் புதுச்சேரிக் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி வரிசைக்கு மேலே ‘பார்வை நூல் பகுதி’ என்று எழுதிய பலகை தொங்குகிறது. முதலாண்டு மாணவி ஒருத்தி அதன் கீழே சற்று நேரம் நின்றாள். பிறகு என் மேசைக்கு வந்து, “சார், இதெல்லாம் பார்வையற்றவர்களுக்கான புத்தகங்களா?” என்று கேட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பலகையை நானே ஒரு முறை படித்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்தச் சொல்லைக் கேள்விப்படாத ஒருவர் வேறு எப்படித்தான் புரிந்துகொள்வார்?

ரெஃபரன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் நாம் இப்படி ‘பார்வை’ ஆக்கி வைத்திருக்கிறோம். அரசுக் கடிதம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த சொல்தான். ‘பொருள்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி, அதில் முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும். அங்கே அந்தச் சொல் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் அசைக்க வேண்டாம். நூலகத்துக்குள் வந்தவுடன்தான் சிக்கல். வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாத அகராதியும் கலைக்களஞ்சியமும் ரெஃபரன்ஸ். ஆய்வேட்டின் கடைசியில் வரும் பட்டியல் ரெஃபரன்ஸ். வேலைக்கு மனுப் போடும்போது நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஒப்புக்கொண்ட பேராசிரியரும் ரெஃபரன்ஸ். ஒரே குடையின் கீழ் இத்தனை பேர்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ரெ’ என்றால் திரும்ப, ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து செல்லுதல். கேட்டதை, படித்ததை, அது வந்த இடத்துக்கே திருப்பிக்கொண்டு போய்ச் சேர்ப்பது ரெஃபரன்ஸ். தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்துபோவது போன்ற வேலை. பார்ப்பது அதில் கடைசிக் கட்டம்தான்.

இந்தச் சொல் நூலகத்தில் ஒரு பணியின் பெயராக ஊன்றியதற்கு 1876 ஒரு முக்கியமான ஆண்டு. அமெரிக்க நூலகச் சங்கம் பிலடெல்பியாவில் தொடங்கிய அந்த ஆண்டில், வூஸ்டர் நகரப் பொது நூலகத்தைச் சேர்ந்த சாமுவேல் கிரீன், நூலகருக்கும் வாசகருக்கும் இடையே நேரடிப் பழக்கம் வேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தார். வருகிறவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாது, நூலகர்தான் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, பணி பிறக்கும்போதே அதில் பேச்சு இருந்தது.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கடலூரிலிருந்து தெற்கே போய்ச் சிதம்பரம் கடந்து, கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. 1892-இல் அங்கே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். விதிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ரெஃபரன்ஸ் பணியை அவர் பிரித்த விதத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உடனே விடை சொல்லக்கூடியது, நாள்கணக்கில் தேட வேண்டியது என்ற இரண்டோடு அவர் நிற்கவில்லை. புதிதாக வருகிறவரை நூலகத்துக்குப் பழக்குவதையும் அதே பணியின் ஒரு வகையாக வைத்தார். அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி 1974-இல் ‘தகவல் எழுத்தறிவு’ (தகவலைத் தேடி, சோதித்து, பயன்படுத்தத் தெரிவது) என்ற தொடரை உருவாக்குவதற்கு வெகு காலம் முன்பே, கற்றுக்கொடுப்பதும் நூலகர் வேலைதான் என்று நம் ஊர்க்காரர் எழுதிவிட்டார்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சை விட்டுவிட முடியாது. தகவல், விசாரிப்பு என்பதற்கு அங்கே ‘ரான்சேன்யமான்’ என்ற சொல் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ‘ஆன்சேன்யே’ என்ற வினைச்சொல்லுக்குப் பொருள் கற்பித்தல். தகவல் சொல்வதும் கற்றுக்கொடுப்பதும் அந்த மொழியில் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன. 1827-இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கி இன்று ரோமன் ரோலந்து பெயரில் இருக்கும் நம் பொது நூலகத்தைக் கடக்கும்போதெல்லாம் இந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, தமிழுக்கு வருவோம்.

பார்வை நூல், நோக்கு நூல் இரண்டுமே கண்ணைச் சேர்ந்த சொற்கள். வாய்க்கும் காதுக்கும் அவற்றில் இடமில்லை. ஈழத்தமிழர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: உசாத்துணை. அங்குள்ள நூலகங்களில் உசாத்துணைப் பகுதி உண்டு, ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் உசாத்துணை நூல்கள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் பல கட்டுரைகளின் அடியில் இந்தத் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு அது கொஞ்சம் விநோதமாகப் படுகிறது. ‘உஷார்’ என்பதோடு தொடர்புடையதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. உஷார் பாரசீகத்தில் பிறந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. இதற்கும் அதற்கும் உறவில்லை.

உசாவுதல் என்றால் கலந்து ஆலோசித்தல், கேட்டு அறிதல். தொல்காப்பிய உரியியல் இரண்டே சொல்லில் முடிக்கிறது: ‘உசாவே சூழ்ச்சி’. இதைப் படித்ததும் இன்றைய வாசகர் திடுக்கிடுவார். சூழ்ச்சி என்றால் நமக்குச் சதி. பழந்தமிழில் அது பல பக்கமும் எண்ணிப் பார்ப்பது. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று வள்ளுவர் சொல்வது சதித்திட்டத்தை அல்ல. ஆலோசனை ஒரு முடிவில் போய் நிற்க வேண்டும் என்பதை. சூழ்ச்சி கெட்டுப்போனது. அதன் கூட்டாளியான உசா கெடாமல் இருக்கிறது. யாரும் அதிகம் எடுத்துப் புழங்காததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பொருளதிகாரத்தில் இன்னும் நல்ல இடம் ஒன்று உண்டு. களவியலில் தோழி யார் என்று சொல்லவரும் தொல்காப்பியர், ‘தோழி தானே செவிலி மகளே’ என்கிறார். அடுத்த நூற்பா: ‘சூழ்தலும் உசாத்துணை நிலைமையிற் பொலிமே’. தலைவியோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பவளாக, மனத்தில் இருப்பதைக் கேட்டு வெளியே கொண்டுவரும் துணையாக இருக்கும்போதுதான் தோழிக்குப் பொலிவு. ஆகவே உசாத்துணை என்ற சொல் முதன்முதலில் குறித்தது ஓர் ஆளை. புத்தகத்துக்கும் பட்டியலுக்கும் அது பிற்பாடு போயிற்று.

தோழி செய்த வேலையும் என் மேசையில் நடக்கும் வேலையும் ஒன்றுதான் என்று நான் சொன்னால் சக நூலகர்கள் கிண்டல் செய்வார்கள். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

மாணவி ஒருத்தி வந்து, “புயல் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா?” என்றாள். அலமாரியைக் காட்டி அனுப்பியிருக்கலாம். “எந்தப் புயல் அம்மா?” என்றேன். தானே புயல் என்றாள். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அந்த இரவை நாங்கள் யாரும் மறக்கவில்லை. “காற்றின் வேகமா, மழையா, சேதமா?” சேதம். “எதற்கு நேர்ந்த சேதம்?” கொஞ்சம் தயங்கி, “முந்திரி, சார். பண்ருட்டிப் பக்கம் எங்கள் பாட்டிக்குத் தோப்பு இருந்தது” என்றாள். மரம் சாய்ந்தபின் எத்தனை பேர் மறுபடி முந்திரி வைத்தார்கள், எத்தனை பேர் வேறு பயிருக்குப் போனார்கள் என்பதுதான் அவள் திட்டக் கட்டுரை. புயல் பற்றிய எந்தப் புத்தகத்திலும் அதற்கு விடை இருக்காது.

பிறகு இருவரும் கணினி முன் உட்கார்ந்தோம். ‘தானே’ என்று தமிழில் தட்டினால் அவன்தானே, நீதானே எல்லாம் வந்து கொட்டும். மியான்மர் கொடுத்த பெயர். தமிழில் அது தினசரிப் புழக்கத்தில் உள்ள சொல்லாக அமைந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் போட்டால் மும்பைக்குப் பக்கத்து நகரம் வந்து நிற்கும். ‘தானே புயல்’ என்று மேற்கோள் குறிக்குள் வைத்து, கூடவே பண்ருட்டியையும் முந்திரியையும் சேர்த்தபின்தான் வழி தெரிந்தது. 2012-இன் முதல் சில மாதச் செய்தித்தாள்கள், வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிக்கை, மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பருவம் மற்றும் பயிர் அறிக்கை. இந்தக் கடைசி அறிக்கையில் மாவட்டவாரியாகப் பயிர்ப் பரப்பு இருக்கும். புயலுக்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் என்றேன். நாலு கேள்வி, இருபது நிமிடம். தொழில் மொழியில் ரெஃபரன்ஸ் நேர்காணல் என்று அதற்குப் பெயர். உசாவல் என்றால் போதும்.

போகிறபோது அவளே ஒரு கேள்வி போட்டாள்: “பாட்டி காலத்து முந்திரிக் கணக்கு வேண்டுமானால்?” அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடலூர் மாவட்டம் என்ற பெயரில் தேடினால் 1993-க்கு முன் ஒன்றும் அகப்படாது. அதுவரை விழுப்புரமும் சேர்ந்து தென்னாற்காடு மாவட்டம். அந்தப் பெயரில் தேடினால் 1878-இல் கார்ஸ்டின் எழுதிய மாவட்டக் கையேடும் 1906-இல் ஃபிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் வரை போகலாம். புதுச்சேரிக்கும் இதே கதை: 2006 வரை அதிகாரப் பெயர் பாண்டிச்சேரி, பிரெஞ்சு ஆவணங்களில் அதன் எழுத்துக்கூட்டலே வேறு. ஊர்ப் பெயரின் வரலாறு தெரியாதவருக்கு எந்தத் தேடுபொறியும் உதவாது.

இதையெல்லாம் வகுப்பில் கற்றுக்கொடுக்கும் நூலகருக்கு உசாத்துணை எங்கே? சொல்லின் பொருளுக்கு முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் தேடிப் பார்க்கலாம். புதிய கலைச்சொல்லுக்குத் தமிழ்நாடு அரசின் சொற்குவை; எல்லாச் சொல்லையும் ஏற்க வேண்டியதில்லை, பார்த்துவிட்டு மறுக்கலாம். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் வலைத்தளம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. ஷோத்கங்காவை மாணவர்களிடம் காட்டும்போது எச்சரித்தே காட்டுகிறேன். அதில் நல்ல ஆய்வேடும் இருக்கும், நகலெடுத்த ஆய்வேடும் இருக்கும்.

கற்பிக்கும் முறைக்கு அமெரிக்காவின் கல்லூரி, ஆய்வு நூலகங்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட தகவல் எழுத்தறிவுச் சட்டகம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆறு கருத்துகள். எனக்குப் பிடித்தவை இரண்டு: ஆய்வு என்பது தொடர்ந்து கேட்பது, புலமை என்பது உரையாடல். படித்தபோது உசாவுக்கு யாரோ உரை எழுதியிருப்பது போல இருந்தது. வாட்சப் செய்தி உட்பட இணையத்தில் வருவதைச் சோதிக்க, அமெரிக்கக் கல்வியாளர் மைக் கால்ஃபீல்டு 2019-இல் வகுத்த நான்கு படிகள் உண்டு. என் வகுப்பில் அதை இப்படித் தமிழாக்கியிருக்கிறேன்: நில், சொன்னவர் யாரென்று பார், வேறு யார் சொல்கிறார்கள் என்று தேடு, மூலத்துக்குத் திரும்பிப் போ. நான்காவது படி அந்த லத்தீன் வேர்ச்சொல்லேதான்.

எந்த இடத்தில் எந்தச் சொல் என்று என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டின் இறுதிப் பட்டியலுக்குத் துணைநூற்பட்டியல் என்பது இங்கே ஊன்றிவிட்டது, அது போதும். வரிக்கு வரி ஆதாரம் காட்டுவது மேற்கோள். அகராதிக்குள் ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்குக் ‘காண்க’வைவிட அழகான சொல் கிடையாது. வேலைக்கு நற்சொல் சொல்பவர் பரிந்துரையாளர். நூலகத்தின் அந்தப் பகுதிக்கும் அந்த மேசைக்கும் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் மட்டும் உசாத்துணை வேண்டும். உசாத்துணையர் என்று ஆளுக்கு ‘அர்’ சேர்க்கலாம் என்கிறார்கள் சிலர். தோழிக்கே தேவைப்படாத விகுதி எனக்கு எதற்கு?

பலகையை மாற்ற அனுமதி கிடைத்தது. எழுத வந்த ஓவியர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். தாளில் நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்துவிட்டு, “நடுவில் த் வருமா சார்? உசாதுணை என்றால் ஓர் எழுத்துக்கு இடம் மிச்சமாகும்” என்றார்.

“பலாவும் பழமும் சேர்ந்தால் என்ன எழுதுவீர்கள்?” என்றேன்.

“பலாப்பழம்” என்று சொல்லிவிட்டு, ஏணியில் ஏறி, ‘சா’வுக்குப் பக்கத்தில் ஒரு ‘த்’துக்கு இடம் விட்டுக் கோடு போடத் தொடங்கினார்.