கேரவனை இழுக்க எந்த வண்டி? பின் அச்சைக் கேளுங்கள்

எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் நிற்கும் எண் 3,500 கிலோ. வண்டி இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை அது. கேரவன், அதாவது சொந்த எஞ்சின் இல்லாமல் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு வாங்கப்போகிறவர்கள் பலர் அந்த ஓர் எண்ணை நம்பியே வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எண் பொய்யில்லை. ஆனால் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் கிளம்பும் நாளில் அது பெரும்பாலும் கைகொடுக்காது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். எரிபொருள் நிரப்பிய வெற்று வண்டி 2,300 கிலோ. ஆட்களும் சாமான்களும் ஏறியபின் அது 3,200 கிலோவைத் தாண்டக் கூடாது. வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. அது 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கேரவன் உண்மையிலேயே 3,500 கிலோ இருந்தால், 6,000இல் மிச்சம் 2,500. அதில் வெற்று வண்டிக்கே 2,300 போய்விட்டது. எஞ்சுவது 200 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்றால், மூன்றாவது ஆள் ஏறும்போதே வரம்பு உடைகிறது. பெட்டி படுக்கை இன்னும் தரையில்தான் இருக்கிறது!

இதைவிட முக்கியமான எண் ஒன்று விளம்பரத்தில் வருவதே இல்லை. கேரவனின் முன்முனை வண்டியின் பின்னாலுள்ள இணைப்புக் குமிழின்மீது அமர்ந்து அதைக் கீழே அழுத்துகிறது. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும். கேரவனுக்கும் அதே நியாயம்தான். ஆஸ்திரேலியாவில் கேரவன் எடையில் சுமார் 10 சதவீதம் குமிழில் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐரோப்பாவின் இலகுவான கேரவன்களுக்கு இது இன்னும் குறைவு. 3,500 கிலோ கேரவனுக்கு 10 சதவீதம் என்றால் 350 கிலோ. அது வண்டி சுமக்கும் பாரத்தோடும் சேர்ந்துகொள்ளும்.

அந்த 350 கிலோ பின் அச்சுக்கு நேர் மேலே உட்காருவதில்லை, அதற்கும் பின்னால் தொங்குகிறது. அப்போது வண்டியே ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர், பின் அச்சிலிருந்து குமிழ் 1.2 மீட்டர் என்றால், பின் அச்சில் கூடுவது 350 அல்ல, 500 கிலோ. கூடுதலான அந்த 150 கிலோ முன் சக்கரங்களிலிருந்து உருவப்பட்டது. திசை திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் அதே முன் சக்கரங்கள்தான். பின்புறம் தாழ்ந்து, முன் விளக்கு வானத்தைப் பார்த்தபடி ஓடும் வண்டிகளைக் காணும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஓட்டுபவரின் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, அதற்குக் கீழே போதிய பிடிப்பு இல்லை.

பின்புற ஸ்பிரிங்குகளுக்குத் துணையாகக் காற்றுப்பை பொருத்தினால் தாழ்ந்த பின்புறம் நிமிர்ந்துவிடும். ஆனால் முன் சக்கரம் இழந்த எடை அதனால் திரும்பி வராது. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஸ்பிரிங் தண்டுகள் கொண்ட இணைப்பு அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். எல்லாவற்றிலும் நல்லது, அச்சுகளுக்கு இடையே நீளமும் பின் அச்சுக்கும் குமிழுக்கும் இடையே குறுக்கமும் உள்ள வண்டியைத் தேடுவது. ஷோரூமுக்கு ஓர் அளவு நாடாவைக் கொண்டுபோங்கள் என்றே சொல்வேன்.

கேரவன் பக்கவாட்டில் ஆடுவதிலும் இந்த இரு நீளங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பக்கவாட்டுக் காற்றோ கடந்துபோகும் லாரியோ தள்ளும்போது கேரவன் ஒரு பக்கம் விலகுகிறது. விலகும்போது வண்டியின் வாலை மறுபக்கம் தள்ளுகிறது. மிதமான வேகத்தில் இந்த ஊசலாட்டம் டயர்களின் பிடிப்பால் தானே அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்கும் திறன் குறைந்துகொண்டே வரும். வண்டியும் கேரவனும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். கேரவனின் இரு கோடிகளிலும் கனமான பொருள்களை வைத்தால் இந்த எல்லை கீழிறங்கும். அச்சுக்கு அருகில் வைத்தால் உயரும். வண்டி கனமாக இருந்தாலும் உயரும். பிரிட்டனில் புதியவர்களுக்கு, கேரவன் எடை வெற்று வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று அறிவுரை சொல்வது இதனால்தான். நம் கணக்கின் 2,300 கிலோ வண்டிக்கு அது 1,955 கிலோ. 3,500 எங்கே, இது எங்கே!

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5,500 கிலோ ஜோடி ஒன்று, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஏற, உயர்வதற்கு மட்டுமே சுமார் 70 கிலோவாட் வேண்டும். தட்டையான கேரவன் முகப்பு காற்றைக் கிழிப்பதற்கு ஆகும் திறன் தனி. அது வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால், 80இலிருந்து 100க்குப் போனால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குறைந்த சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசை தரும் டர்போ டீசல், அடிக்கடி கியரை இறக்காமல் இதைச் சமாளிக்கும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நான்கு சக்கர இயக்கம் எங்கே உதவுகிறது? தார்ச்சாலையில் நேராக ஓடும்போது அவ்வளவாக இல்லை. ஈரப் புல்தரை, மணல், சரிவில் நின்று கிளம்புவது, செங்குத்தான இடத்தில் பின்னோக்கி அங்குலம் அங்குலமாக நகர்த்துவது, இங்கெல்லாம் அதுவும் அதன் லோ ரேஞ்சும், அதாவது மிக மெதுவாக, அதிக இழுவிசையோடு நகர்த்தும் கியர் அடுக்கும், விலைமதிப்பற்றவை. ஆனால் எல்லா வண்டியிலும் அது ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் முன் பின் அச்சுகள் இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும். காய்ந்த தார்ச்சாலையின் வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் உறுப்புகள் முறுக்கிக்கொண்டு தேயும். நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரு அச்சுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கருவி உள்ள முழுநேர வகையை மழை ஈரச் சாலையிலும் காய்ந்த தார்ச்சாலையிலும் மாற்றாமல் ஓட்டலாம். கேரவன் இழுக்க நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இறக்கம்தான் கடைசிப் பரீட்சை. அதே 5,500 கிலோ ஜோடி 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் 27 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அது சுமார் 90 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். முழுவதும் பிரேக்கில் போனால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால் கேரவனுக்கென்று தனி பிரேக்கும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் கட்டுப்பாடும் வேண்டும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு பிடிப்பதும் வேண்டும். ஆட்டம் எடுத்தால் கேரவனின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தி ஜோடியை நேராக்கவும் அந்தக் கட்டுப்பாடு உதவும்.

வாங்கும் முன் ஒருநாள், நீங்கள் எடுத்துச் செல்லப்போகும் பொருள்களையெல்லாம் எழுதி எடைபோடுங்கள். கேரவனின் தண்ணீர்த் தொட்டியை மறக்க வேண்டாம். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. வாங்கியபின் முழுதும் ஏற்றி, கேரவனை மாட்டிய நிலையில், எடைமேடையில் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் கேரவன் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள். பிறகு கேரவனைக் கழற்றிவிட்டு முன் அச்சை இன்னொரு முறை. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம், உங்கள் ஸ்டீயரிங் எவ்வளவு பிடிப்பை இழந்திருக்கிறது என்பதைக் கிலோ கணக்கில் காட்டும்.